ஒரு டம்ளர் அன்னாசிக்கு எத்தனை கிராம்

வாங்க டீச்சர், உள்ள வாங்க. வீட்டுக்காரி வடிவு இல்ல, கோயிலுக்குப் போயிருக்கா. வர அரமணி நேரம் ஆகும். இந்த நாற்காலில இரிங்க, அது ஆடும். கையில என்ன, அன்னாசியா? ஒண்ணேகால் கிலோ இருக்கும். இல்ல இல்ல, தூக்கிப் பாக்க வேண்டாம், பாத்தாலே தெரியும். முப்பத்தொரு வருசம் அதே வேலதான.

என்ன வேலையா? மாடிக்குக் குடிவந்து ரெண்டு வாரமாச்சு, உங்க வீட்டுக்காரர் சொல்லலியா? எடை அளவு இன்ஸ்பெக்டர். கடைகடையாப் போயி தராசு, படிக்கல்லு, லிட்டர் அளவு எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து முத்திர குத்துத உத்தியோகம். தராசு இன்ஸ்பெக்டர்ம்பாவ. நான் தெருவுல எறங்குனா பால்காரன் சைக்கிளத் திருப்பிட்டுப் போயிருவான். அவ்வளவு மரியாதை.

பச்சடி அளவு கேக்க வந்தியளா. யாரு சொன்னா, பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவா? வடிவு வைக்க அன்னாசிப் பச்சடி மாதிரி பாளையங்கோட்டையிலயே கெடையாதுன்னு சொல்லியிருப்பா. சொன்னது நெசந்தான். ஆனா டீச்சர், ஒரு உதவி பண்ணுங்க. வடிவுகிட்ட இத மட்டும் கேக்காதிய. ஏன்னு நான் சொல்லுதேன். நீங்க படிச்சவிய, எடுத்துச் சொன்னா புரியும். எம்மேல தப்பு இல்லேன்னும் புரியும்.

போன வருசம் ஆவணி மாசம். வடிவுக்கு ஒரே ஒரு தம்பி, ஆவுடையப்பன்னு பேரு. தென்காசில இருக்கான். அவன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிக வைக்க நேர்ல வந்தான். அந்த ஆடுத நாற்காலிலதான் இருந்தான், சொல்லியும் கேக்கல. ‘யக்கா, கல்யாணத்துக்குப் பச்சடி ஒம்பச்சடிதான், தவசுப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன்’ அப்படின்னான். தவசுப்பிள்ளைன்னா தெரியும்லா, கல்யாணத்துக்குச் சமைக்க தலைமைச் சமையல்காரர். வடிவு மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

அந்த வீட்ல அவகிட்ட யாரும் ஒண்ணும் கேட்டதில்ல டீச்சர். அவ அப்பா இருந்த காலத்துலயும் கேட்டதில்ல, தம்பி தலையெடுத்த பெறகும் கேட்டதில்ல. வயல வித்தப்ப கேக்கல. வீட்ட இடிச்சுக் கட்டினப்ப கேக்கல. அந்தப் புள்ளைக்கு மாப்ள பாத்ததே பத்திரிக அடிச்ச பெறகுதான் எங்களுக்குத் தெரியும். மொத மொதல்ல அவகிட்ட கேட்டது இந்தப் பச்சடியத்தான். ரெண்டு நாளு பாட்டு பாடிக்கிட்டே வேல பாத்தா. கல்யாணமாகி முப்பத்தாறு வருசம், அவ பாடி நான் கேட்டதே இல்ல. கொஞ்சம் சுருதி கம்மிதான்.

அறுநூறு எலை. சமையலுக்கு பூதலிங்கம்னு ஒரு தவசுப்பிள்ளை, ஆழ்வார்குறிச்சிக்காரர், நல்ல மனுசன். சாமான் லிஸ்ட் போட வடிவுக்குப் போன் பண்ணுனாரு. இவ சொன்னா, பத்துப் பேருக்கு நறுக்கின அன்னாசி நாலு டம்ளர், சீனி ஒண்ணரை டம்ளர், மிளகாய்த்தூளு அரக் கரண்டி, நெய், முந்திரி, இந்த மாதிரி. அவரு சிரிச்சிட்டாரு. ‘யம்மா, டம்ளர் கணக்கு வீட்டுக்கு ஆகும். அறுநூறு பேருக்குன்னா எரநூத்தி நாப்பது டம்ளர் அன்னாசி. மார்க்கெட்ல போயி எரநூத்தி நாப்பது டம்ளர் அன்னாசி போடுன்னு கேட்டா என்னைய என்ன நெனப்பான்? கிலோவாச் சொல்லுங்க’ன்னாரு. நியாயந்தான.

வடிவு போன வச்சிட்டு என்னையப் பாத்தா. ‘இத கிலோவுக்கு மாத்திக் குடுப்பியளா?’ன்னா. டீச்சர், என் உத்தியோகத்துக்கு இந்த வீட்ல வேல வந்தது அன்னைக்குத்தான். நான் ரிட்டயர் ஆயி நாலு வருசம் ஆயிருந்தது. நாலு வருசமா நான் எதையாவது நிறுத்தாலே அவளுக்கு எரிச்சல் வரும். காய்கறி நிறுத்தா எரிச்சல், எண்ணெ பாக்கெட்ட நிறுத்தா எரிச்சல். பூக்காரி முழம் போட்டத அளக்கப் போயி ஒரு தடவ ரெண்டு பேரும் சேந்து ஏசினாவ. பூவ முழத்துல விக்காவ பாத்தியளா, எவன் கை முழம்? அத விடுங்க. அன்னைக்கு அவளா வந்து கேட்டா.

நான் எலக்ட்ரானிக் தராச எடுத்தேன். அலமாரி மேல இருக்கு பாருங்க, அதுதான். ஒரு கிராம் வித்தியாசம்னாலும் காட்டும். மொதல்ல அவ டம்ளர்ல தண்ணி ஊத்தி அளந்தேன். சரியா எரநூறு மில்லி. அவளுக்கே தெரியாது, இத்தன வருசமா சரியான அளவுலதான் சமைச்சிருக்கா. ஒரு அன்னாசிய வாங்கிட்டு வந்து குடுத்தேன். தோலு, கண்ணு, நடுத்தண்டு எல்லாம் நீக்கி புளியங்கொட்ட அளவுக்கு நறுக்கிக் குடுத்தா. அதுக்குள்ள மழ தூத்தல் போட்டுது. காயப்போட்ட துணிய எடுக்க மாடிக்குப் போயிட்டா.

இங்கதான் நீங்க கவனமாக் கேக்கணும்.

அன்னாசிய டம்ளர்ல போடுதேன். நெறஞ்சிட்டு. ஆனா பாத்தா, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல பூரா சந்து. சந்துல என்ன இருக்கு? காத்து. பால நுரையோட அளந்த பால்காரன் எத்தன பேரு மேல நான் கேசு எழுதியிருக்கேன் தெரியுமா? நுரைன்னா என்ன, காத்துதான. மேல பாத்தா ஒரு லிட்டரு, நுர அடங்குனா முக்கா லிட்டரு. ஊரான் வீட்டுக் காத்துக்கெல்லாம் கேசு எழுதிட்டு என் வீட்டு அடுக்களையில நானே காத்த அளந்து கணக்கு குடுப்பேனா? கரண்டிக் காம்ப வச்சு அமுக்குனேன். எறங்குச்சு. இன்னும் கொஞ்சம் போட்டேன், அமுக்குனேன். சாறு மேல வந்து சந்தெல்லாம் அடஞ்சிட்டு. ஸ்கேல வச்சு மேல்மட்டத்த வழிச்சு விட்டேன். ஒரு பொட்டு காத்து கெடையாது. தராசுல வச்சேன். நூத்துத் தொண்ணூத்தஞ்சு கிராம்.

சீனியையும் அப்படித்தான் அமுக்கிப் பாத்தேன், அது அமுங்கல. நூத்தி எழுவது.

அப்புறம் கணக்கு. எரநூத்தி நாப்பது டம்ளர் அன்னாசி, நாப்பத்தாறு கிலோ எண்ணூறு. சீனி பதினஞ்சு கிலோ முன்னூறு. எல்லாத்தையும் வெள்ளத்தாள்ல எழுதி, ‘மேற்கண்ட அளவில் கூட்டவோ குறைக்கவோ கூடாது’ன்னு போட்டு, கையெழுத்துப் போட்டு, அடியில எடை அளவு ஆய்வாளர், அடைப்புக்குள்ள ஓய்வுன்னு எழுதினேன். வடிவு மடிச்ச துணியோட வந்து எட்டிப் பாத்தா. ‘ஏங்க, ஒரு டம்ளரு இம்புட்டா கனக்கும்? கையில எடுத்தா அப்படித் தோணாதே’ன்னா. ‘ஒங்கைக்கு முத்திர குத்தியிருக்கா?’ன்னு கேட்டேன். சிரிச்சிட்டா. நானும் சிரிச்சேன். நல்ல நாளு டீச்சர் அது.

கல்யாணத்தன்னைக்குக் காலைல ஏழு மணி இருக்கும். நான் வேட்டி கட்டி மண்டபத்து வாசல்ல நிக்கேன். பூதலிங்கம் அந்தத் தாளக் கையில வச்சிக்கிட்டு வந்தாரு. ‘சார், பச்சடி புளிப்பாத் தெரியுதே. தண்ணியாவும் கெடக்கு. எவ்வளவு கிண்டியும் சேர மாட்டேங்கு. சீனி ஒரு ஏழு கிலோ கூட்டட்டுமா?’ன்னாரு. நான் கேட்டேன், ‘தாள்ல என்ன போட்டிருக்கு?’ அவரு தாளப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. ‘அம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கட்டுமா?’ன்னாரு. ‘அம்மா பொண்ணுகூட மணவறையில நிக்கா, அந்த அம்மா அளவுதான் இது, அத மாத்துனா அவளுக்குப் புடிக்காது’ன்னேன். போயிட்டாரு. அவருக்குப் பதில் சொன்னது சரிதான டீச்சர்? ஆளாளுக்குக் கூட்டிக் கொறச்சா அளவுன்னு ஒண்ணு எதுக்கு?

மொத பந்தி. வடிவு பச்சடி வாளிய யார்கிட்டயும் குடுக்கல. ‘நானே பரிமாறுதேன்’னு கரண்டியும் வாளியுமா எறங்கிட்டா. பட்டுச்சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு. நல்ல பச்சடின்னா எலையில வச்ச எடத்துல நிக்கணும், அது உங்களுக்கும் தெரியும். இது நிக்கல. வச்ச ஒடனே ஓட ஆரம்பிச்சிட்டு. அவியலத் தாண்டி, அப்பளத்துக்கு அடியில போயி, வடைய நனைச்சு, சம்பந்தகாரர் எலையில இருந்து அவரு மடிக்கு எறங்கப் பாத்துது. அவரு எலை ஓரத்தத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, ‘இது பச்சடியா, ரசமா?’ன்னு கேட்டாரு. அந்த வரிச பூரா சிரிச்சுது.

வடிவு ஒரு சொட்டு பொறங்கையில விட்டு நக்கிப் பாத்தா. அவ மொகம் எப்படி இருந்துதுன்னு நான் சொல்லமாட்டேன். நான் எதுத்த வரிசைல சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். அப்பளம் நமத்துப் போச்சு. ஆவுடையப்பன் பொஞ்சாதி வந்து, அவ சத்தம் எப்பவுமே கொஞ்சம் பெருசு, ‘மைனிக்கு வயசாகுதுலா, அளவு மறந்திருக்கும், விடுங்க’ன்னா. ஆவுடையப்பன் வந்தான். அக்கா கையில இருந்த வாளிய வாங்கி வச்சிட்டு, ரெண்டாம் பந்திக்குப் பச்சடி வேண்டாம்னு பூதலிங்கத்துகிட்ட சொல்லிட்டான். அவ்வளவுதான். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. மரியாதையான குடும்பம்.

திரும்பி பஸ்ல வாரோம். ஆலங்குளம் தாண்டியாச்சு. பெறகு ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு, ‘நீங்க சரியாத்தான நிறுத்திய?’ன்னா. நான் சொன்னேன், ‘முப்பத்தொரு வருசத்துல நான் நிறுத்து தப்பாப் போனதே கெடையாது’ன்னு. அது உண்ம டீச்சர், பொய்யில்ல. அவ தலைய ஆட்டிக்கிட்டா. ‘அப்போ எங்கைதான் போயிட்டு’ன்னா. பாத்தியளா, நான் அவளக் குத்தம் சொல்லல. அவளா சொன்னதுதான். எனக்கு அது நல்லதாப் போச்சு, எதுக்குக் கல்யாணம் முடிஞ்ச வீட்ல வாக்குவாதம்னு நானும் விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் இந்த வீட்ல ஒரு ஒழுங்கு வந்திருக்கு, அதச் சொல்லணும். இப்ப எதையும் கண்ணுமதிப்பாப் போடுததே கெடையாது. உப்பக்கூட தராசுல நிறுத்துப் போடுதா. நிறுத்துட்டும் எங்கிட்ட கொண்டாந்து காட்டுதா, ‘சரியா இருக்கா பாருங்க’ங்கா. சாம்பார்ப் பொடி முந்தி வறுத்து அரைப்பா, இப்ப கடையில பாக்கெட் வாங்குதோம். பொங்கலுக்கு ஸ்டெல்லா வீட்டுக்குப் பச்சடி குடுத்து விடுவாலா, அதக்கூட இந்த வருசம் வேண்டாம்னுட்டா. ‘யாருக்குப் புடிக்கும், யாருக்குப் புடிக்காதுன்னு என்னத்தக் கண்டோம்’ங்கா. தம்பி வீட்டுக்கும் போகல. அலைச்சல் மிச்சம். பாட்டும் பாடுததில்ல, வீடு அமைதியா இருக்கு.

அதோட விட்டிருக்கலாம். தை மாசம் என் கூட வேல பாத்தவரு ஒருத்தர் வீட்டுக்கு வாரப்ப ரெண்டு அன்னாசி வாங்கிட்டு வந்தாரு. அவரு போன பெறகு, வடிவு கோயிலுக்குப் போயிருந்தா, இதே மாதிரி ஒரு சாயங்காலம். சும்மா ஒரு இதுக்கு, ஒண்ண நறுக்கினேன். அவ டம்ளர எடுத்தேன். அவ எப்படிப் போடுவா? கையால அள்ளி சும்மா போடுவா. அமுக்கமாட்டா. அப்படிப் போட்டேன். தராசுல வச்சேன்.

நூத்து முப்பத்தஞ்சு.

கொட்டிட்டு மறுபடி போட்டேன். நூத்து முப்பத்தஞ்சு. மூணாந்தடவ நூத்து முப்பத்தாறு. அமுக்கிப் பாத்தேன், நூத்துத் தொண்ணூத்தஞ்சு. தராசு ரெண்டையும் சரியாத்தான் காட்டுது. ரெண்டும் ஒரு டம்ளருதான். முப்பத்திரண்டு கிலோ சொச்சம் போக வேண்டிய எடத்துல நாப்பத்தேழு கிலோ போயிருக்கு, பதினஞ்சு கிலோ சீனிக்கு. பெறகு எலையில நிக்குமா?

சங்கரன்கோயில்ல ஒரு பொரிகடலக் கடைக்காரர் இருந்தாரு. அவரு பொரிய படில அளந்து வித்தப்ப, நான் கைய வச்சு அமுக்கி, பாதிப் படிதான் இருக்குன்னு கேசு எழுதினேன். அவரு கும்புட்டுக்கிட்டே சொன்னாரு, ‘ஐயா, வாங்குதவனும் அமுக்காமத்தான் அளப்பான், விக்கவனும் அமுக்காமத்தான் அளப்பான், அமுக்குதது நீங்க மட்டுந்தான்’னு. அதையும் கேசுல எழுதிட்டேன், அதிகாரிய எதுத்துப் பேசினதா. ஏன் சொல்லுதேன்னா, அந்த ஆளு மொகம் அன்னைக்கு எனக்கு ஞாவகம் வந்துது. வேற ஒண்ணும் இல்ல.

எனக்கு வெக்கமா இருந்துது டீச்சர். அத ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். நறுக்கின பழத்த என்ன செய்ய? அவ வந்து பாத்தா கேப்பாலா. அவ்வளவையும் நானே தின்னேன். ஒரு முழு அன்னாசி. நாக்கெல்லாம் வெந்து, மூணு நாளு மோருஞ்சோறுதான். ‘சூடு புடிச்சிருக்கும்’னு சொல்லி சீரகத் தண்ணி போட்டுக் குடுத்தா, சீரகத்த நிறுத்துப் போட்டு.

சொல்லலியான்னு கேக்கிய. சொல்லலாம்னுதான் இருந்தேன். நாக்கு ஆறட்டும்னு பாத்தேன். ஆறுச்சு. பெறகு வெள்ளிக்கெழம, நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு விட்டேன். பெறகு அவளுக்குப் பிரஷர் கூடிட்டு, டாக்டர் அவளக் கலவரப்படுத்தக் கூடாதுன்னுட்டாரு. இப்ப இறங்கிட்டு, ஆனா இப்ப அவளே மறந்துட்டா. மறந்தவளப் புடிச்சு ஞாவகப்படுத்துதது நல்லதா, நீங்களே சொல்லுங்க. அதுவும் போக, தப்புன்னு நான் இன்னும் ஒத்துக்கல. டம்ளர்னு சொன்னா நெறைய டம்ளர்னுதான் அர்த்தம். அமுக்கக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்கணும். சொல்லல. எழுத்துல கெடையாது. முப்பத்தொரு வருசத்துல எத்தனையோ கடைக்காரன் எங்கிட்ட மாட்டியிருக்கான். ஒருத்தனாவது தானா வந்து ‘ஐயா, நாந்தான் கொறச்சு அளந்தேன்’னு சொன்னதுண்டா? கண்டுபுடிக்கது இன்ஸ்பெக்டர் வேல.

நீங்க ஏன் அப்படிப் பாக்கிய? ஒங்களுக்கு அளவு வேணும், அவ்வளவுதான? ஞாயித்துக்கெழம ஒங்க மாமியார் வீட்டு ஆளுவ வாராவ, எட்டுப் பேருன்னியளா? சொல்லுதேன், மனசுல வச்சிக்கிடுங்க. ஒரு டம்ளர் நறுக்கின அன்னாசிக்கு நூத்து முப்பத்தஞ்சு கிராம். அமுக்காம, சும்மா கையால அள்ளிப் போட்டது. எட்டுப் பேருக்கு மூணு டம்ளரும் இன்னும் ஒரு கையும். பொடுசா நறுக்கினா டம்ளர்ல கூடக் கொள்ளும், பெருசா நறுக்கினா கொறையக் கொள்ளும், அதனால நிறுத்தே போடுங்க. நானூத்தி முப்பது கிராம். சீனி எரநூறு. நூத்து முப்பத்தஞ்ச மறந்துராதிய. இத நான் வேற யாருக்கும் சொன்னதில்ல. வடிவு காதுக்கு மட்டும் இது போகக் கூடாது, பாத்துக்கிடுங்க.

கேட்டு சத்தம் கேக்குது. வந்துட்டா. சீக்கிரமா வந்துட்டா.

வா வடிவு. கூட்டம் இல்லியோ? இது மாடி வீட்டு டீச்சர், தெரியும்லா. சும்மாதான் வந்தாவ. தண்ணி மோட்டார் சுவிட்ச் எதுன்னு கேக்க. ஆமா, அன்னாசிதான். மார்க்கெட்டுக்குப் போயிட்டு அப்படியே வந்திருக்காவ. பச்சடியா? ஏன் டீச்சர், பச்சடிக்கா? பாத்தியா, பச்சடிக்காம், எனக்கே இப்பதான் தெரியுது.

என்னது? சத்தமாச் சொல்லு, டீச்சருக்குக் கேக்கணும்லா. கேட்டியளா டீச்சர், அவ கை சரியில்லியாம், அவகிட்டக் கேக்க வேண்டாமாம். எங்கிட்ட கேக்கச் சொல்லுதா. அவருக்குத்தான் சரியான அளவு தெரியும்ங்கா. சரி, நீ போயி அவங்களுக்குக் காப்பி போடு. நிக்கியா? சரி, நில்லு.

எழுதிக்கிடுங்க டீச்சர். ஒரு டம்ளருக்கு நூத்துத் தொண்ணூத்தஞ்சு கிராம்.